பேக்கப் சர்வர் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

உங்கள் அமைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்: ஒரு லினக்ஸ் சர்வர், அதில் டாக்கர் கண்டெய்னரில் ஓடும் ரெஸ்ட்-சர்வர் (பேக்கப்பை வாங்கி வைக்கும் மென்பொருள்), அதற்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் எஞ்ஜின்எக்ஸ் வெப் சர்வர், லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ், வாடிக்கையாளர்களின் மெஷின்களில் பேக்கப் எடுக்கும் ரெஸ்டிக். ரெஸ்டிக் போன்ற இன்னொரு பேக்கப் கருவியான போர்க் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எஸ்எஸ்எச் கணக்கு. எல்லாமே ஓப்பன் சோர்ஸ். குறியாக்கம் வாடிக்கையாளர் பக்கமே முடிந்துவிடுகிறது, அதைத் திறக்கும் சாவி, அதாவது ரெப்போ பாஸ்வேர்ட், நம்மிடம் வருவதே இல்லை. நிறுவி ஓடவிடுவது பெரிய விஷயமில்லை, அதற்குப் பிறகு வரும் "பேக்கப் ஓடலை" என்ற புகாரைப் பிரித்துப் பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது.

அறிகுறி எதுவாக இருந்தாலும் கை வைப்பதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள்: அந்த வாடிக்கையாளரின் ப்ரூன் வேலையை, அதாவது தேவையற்ற பழைய தரவை நீக்கும் வேலையை, நிறுத்தச் சொல்லுங்கள். பேக்கப் என்பது சேர்க்கும் வேலை, நாலு தடவை தவறாக ஓடினாலும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு எடுத்த ஒரு பேக்கப்பின் பதிவு) ஒன்றும் ஆகாது. ப்ரூன்தான் அழிக்கும் வேலை. பேக்கப் சர்வரில் தரவு பறிபோகும் பல சம்பவங்களில் முதல் பிழை சாதாரணமானதாகத்தான் இருக்கும், அதைச் சரிசெய்கிறேன் என்று பதற்றத்தில் தட்டும் இரண்டாவது கட்டளைதான் ஆளைக் கவிழ்க்கும். ஆகவே நிறுத்துங்கள், பாருங்கள், அப்புறம் தொடுங்கள்.

சோதனை பேக்கப் ஓடுகிறது, நிஜ பேக்கப் 413 என்று நிற்கிறது

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 413 என்றால் அனுப்பியது வரம்பைவிடப் பெரிது என்று வெப் சர்வர் சொல்லும் பதில். ரெப்போ (பேக்கப் போய்ச் சேரும் சேமிப்பிடம்) உருவாக்கும்போது போகும் ஃபைல்கள் சில நூறு பைட்தான், அதனால் எல்லாம் சுபமாகத் தெரியும். நிஜ தரவு வரும்போது ரெஸ்டிக் துண்டுகளை ஒன்றுசேர்த்து சுமார் 16 எம்பி அளவுள்ள பேக் ஃபைல்களாக அனுப்பும். எஞ்ஜின்எக்ஸ் இயல்பாக ஏற்றுக்கொள்வதோ 1 எம்பி மட்டும். ரெஸ்டிக் விடாமல் திரும்பத் திரும்ப முயல்வதால் வாடிக்கையாளருக்கு அது "தொங்கி நிற்கிறது" என்றுதான் தெரியும். எஞ்ஜின்எக்ஸின் எர்ரர் லாகைத் திறந்தால் கோரிக்கையின் பாடி பெரிதாக இருக்கிறது என்ற வரி இருக்கும்.

அந்த சர்வர் பிளாக்கில் கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸை 0 ஆக்குங்கள், அதாவது வரம்பே வேண்டாம். 20 எம்பி என்று கணக்குப் பார்த்து வைத்தால், நாளைக்கு யாராவது பேக் அளவைக் கூட்டியதும் மறுபடி அதே புகார் வரும். கூடவே ப்ராக்ஸி ரிக்வெஸ்ட் பஃபரிங்கை ஆஃப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் வரும் ஒவ்வொரு பேக்கையும் எஞ்ஜின்எக்ஸ் முதலில் தன் தற்காலிக ஃபோல்டரில் எழுதி, பிறகுதான் உள்ளே அனுப்பும். ஒரே நேரத்தில் பலர் அனுப்பும்போது ரூட் பார்ட்டிஷன் நிரம்பி, தரவு டிஸ்க்கில் ஏகப்பட்ட இடம் இருந்தும் எல்லாம் விழுந்துவிடும். 413 போய் 504 வந்தால் அது காத்திருப்பு நேரம், இயல்பாக 60 வினாடி. அதைக் கூட்டினால் சரி.

லாகின் ஆகிறது, கொஞ்சம் தரவு போகிறது, அப்புறம் அசையாமல் நிற்கிறது

எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, 413 இல்லை, ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் இப்படி என்றால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, சந்தேகியுங்கள். சின்னப் பாக்கெட் போகும், பெரிய பாக்கெட் வழியில் காணாமல் போகும், "பெரிதாக இருக்கிறது" என்று திரும்பி வரவேண்டிய ஐசிஎம்பி செய்தியை நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்திருக்கும். வயர்கார்ட் விபிஎன் டன்னல் இருந்தால் இது அடிக்கடி நடக்கும், அதன் இயல்பு எம்டியூ 1420, சாதாரண ஈதர்நெட்டில் 1500.

வாடிக்கையாளர் மெஷினிலிருந்து துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 1472 பைட்டுக்கு பிங் போடச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், எந்த எண்ணில் பதில் வருகிறதோ அதோடு 28 கூட்டினால் அந்தப் பாதையின் எம்டியூ. அந்த எண்ணை டன்னல் இண்டர்ஃபேஸில் வைக்கலாம், அல்லது சர்வரில் டிசிபி எம்எஸ்எஸ் அளவை, அதாவது ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் அளவை, கட்டுப்படுத்தும் ஒரு ஃபயர்வால் விதி போடலாம். அவர்களின் ரூட்டரைத் தொட முடியாது என்கிற நிலையில் இரண்டாவதுதான் நம் கையில் இருப்பது.

பிரவுசரில் பச்சை, ரெஸ்டிக்கில் சான்றிதழ்ப் பிழை

தெரியாத அமைப்பு கையொப்பமிட்ட சான்றிதழ் என்று ரெஸ்டிக் புலம்பும், பிரவுசர் நிம்மதியாகத் திறக்கும். உங்கள் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை நீங்கள் அனுப்பவில்லை என்று அர்த்தம். பிரவுசர் வேறு தளங்களில் பார்த்த இடைநிலைச் சான்றிதழை நினைவில் வைத்துச் சமாளித்துக்கொள்ளும், ரெஸ்டிக் சமாளிக்காது. எஞ்ஜின்எக்ஸ் அமைப்பில் தனிச் சான்றிதழ் ஃபைலை எடுத்துவிட்டு, இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்த ஃபுல்செயின் ஃபைலைக் காட்டுங்கள்.

காலாவதி என்று வந்தால், ஆனால் சான்றிதழைப் புதுப்பிக்கும் கருவியான சர்ட்பாட் புதுப்பித்துவிட்டதாக லாக் சொன்னால், எஞ்ஜின்எக்ஸ் பழையதையே நினைவில் வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. சர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் ரீலோட் கட்டளையைச் சேருங்கள். காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் வரும் என்று யாராவது நம்பிக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள், லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி சப்டொமைன் கொடுப்பவர்களுக்கு இன்னொன்று: ஒரு டொமைனுக்கு 7 நாளில் 50 புதிய சான்றிதழ்தான். வியாபாரம் சூடுபிடிக்கும் வாரத்தில் போய் இதில் மாட்டிக்கொள்ளாமல், டிஎன்எஸ் வழியாகச் சரிபார்க்கும் எல்லா சப்டொமைனுக்கும் பொருந்தும் ஒரே ஒரு வைல்ட்கார்ட் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழைச் சரிபார்க்காதே என்று ரெஸ்டிக்குக்குச் சொல்லும் ஆப்ஷன் ஒன்று உண்டு. ஃபோனில் அவசரப்படுத்தும் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிவிட மனம் வரும். சொல்லாதீர்கள். தரவு குறியாக்கத்தில் இருந்தாலும் சர்வர் லாகின் விவரம் நடுவில் உட்கார்ந்திருப்பவன் கைக்கு அப்படியே போகும்.

பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஏற்கவில்லை

இங்கே இரண்டு பாஸ்வேர்ட் இருக்கிறது. வாடிக்கையாளர் "பாஸ்வேர்ட்" என்று சொன்னதும் எது என்று கேளுங்கள். செய்தியில் 401 இருந்தால் சர்வர் லாகின். ராங் பாஸ்வேர்ட் ஆர் நோ கீ ஃபவுண்ட் என்று இருந்தால் லாகின் தாண்டி உள்ளே போய்விட்டார், ரெப்போவின் குறியாக்கப் பாஸ்வேர்ட் பொருந்தவில்லை.

401 என்றால் லாகின் விவரங்கள் இருக்கும் எச்டிபாஸ்வேர்ட் ஃபைலைத் திறந்து பாருங்கள். ரெஸ்ட்-சர்வர் பிகிரிப்ட், எஸ்எச்ஏ இரண்டு வகை ஹாஷைத்தான் (தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற கோவை) படிக்கும், அப்பாச்சியின் கருவி இயல்பாகப் போடும் எம்டி5 வகையைப் படிக்காது. அந்தக் கருவியை பி ஆப்ஷனோடு, பெரிய எழுத்து பி, ஓட்டிப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டில் @ மாதிரியான குறி இருந்து அதை யூஆர்எல்லுக்குள் எழுதியிருந்தால் %40 என்று மாற்றி எழுத வேண்டும். பிரைவேட் ரெப்போஸ் ஆப்ஷன் போட்டிருந்தால் யூஆர்எல்லில் முதல் ஃபோல்டர் பெயர் பயனர் பெயராகவே இருக்க வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் கதவு திறக்காது. அந்த ஆப்ஷனைப் போடாமல் பல வாடிக்கையாளர்களை ஒரே சர்வரில் வைக்கவே கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை.

ரெப்போ பாஸ்வேர்ட் பொருந்தவில்லை என்றால், கையால் அடித்தால் திறக்கிறதா, தானாக ஓடும்போது மட்டும் மறுக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் காரணம் பெரும்பாலும் மேற்கோள் குறி. டாக்கருக்குச் சூழல் மாறிகளைக் கொடுக்கும் என்வ்-ஃபைலில் மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி போட்டால், டாக்கர் ரன் அந்தக் குறியையும் மதிப்பின் பாகமாகவே எடுத்துக்கொள்ளும். ஷெல் அப்படிச் செய்யாது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: ரெப்போவையே அந்த என்வ்-ஃபைல் வழியாக உருவாக்கியிருந்தால் உண்மையான பாஸ்வேர்ட் மேற்கோள் குறிகளோடு சேர்ந்ததுதான். "எல்லாம் போச்சு" என்று முடிவுகட்டுவதற்கு முன் குறிகளையும் சேர்த்து அடித்துப் பாருங்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானின் வரியில் நேரடியாக எழுதியிருந்தால் % குறி இருக்கிறதா பாருங்கள், க்ரான் அதைப் புதுவரியாக எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். பாஸ்வேர்டைத் தனி ஃபைலில் வைத்து அந்த ஃபைலைக் காட்டுவதுதான் நிம்மதி.

ரெப்போ பூட்டப்பட்டிருக்கிறது என்கிறது

பதிலாக எல்லோரும் சொல்வது: அன்லாக் கட்டளை போடு. சாதாரண அன்லாக் பரவாயில்லை, அது கைவிடப்பட்ட பூட்டுகளை மட்டும் எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ரெஸ்டிக் தன் பூட்டைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கும், 30 நிமிடமாகப் புதுப்பிக்காத பூட்டு கைவிடப்பட்டதாகக் கணக்கு. ரிமூவ்-ஆல் சேர்த்துப் போடும் அன்லாக்தான் வில்லங்கம். வேறொரு மெஷினில் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது பூட்டைப் பிடுங்கிவிட்டு இங்கே ப்ரூன் போட்டால், அந்த பேக்கப் நம்பியிருக்கும் துண்டுகளை இது தூக்கி எறிந்துவிடலாம்.

பிழைச் செய்தியிலேயே எந்த ஹோஸ்ட், எந்த பிராசஸ் எண், எப்போது பூட்டியது என்று இருக்கும். அந்த மெஷினுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கடிகாரத்தையும் பாருங்கள். ஒரு மெஷினின் நேரம் ஒரு மணி பின்னால் இருந்தால், அது இப்போது போட்ட பூட்டுகூட மற்றவர்கள் கண்ணுக்குப் பழைய பூட்டாகத்தான் தெரியும். எல்லா மெஷினிலும் நேரத்தைச் சரியாக வைக்கும் க்ரோனியோ வேறு ஏதாவது என்டிபி சேவையோ ஓடட்டும். அமேசான் எஸ்3 வகை கிளவுட் சேமிப்பகம் பயன்படுத்தினால் 15 நிமிட வித்தியாசத்திலேயே கோரிக்கை நிராகரிக்கப்படும், அங்கேயும் இதே மருந்து.

இரண்டு பேக்கப்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை, பேக்கப்பும் ப்ரூனும்தான் மோதும். 0.16 முதல் ரெஸ்டிக்கில் ரீட்ரை-லாக் ஆப்ஷன் இருக்கிறது, பூட்டு விலகும்வரை இத்தனை நிமிடம் காத்திரு என்று சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு ராத்திரியும் முதல் தடவை மாதிரியே நேரம் எடுக்கிறது

அப்லோட் ஆனது கொஞ்சம்தான் என்று முடிவில் சொல்கிறது, ஆனால் மணிக்கணக்கில் ஓடுகிறது, டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. இந்த அறிகுறியை நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இதே காரணம் இன்னொரு பெரிய பிரச்சினையையும் சத்தமில்லாமல் உண்டாக்கிக்கொண்டிருக்கும்.

ரெஸ்டிக் தொடங்கும்போது முந்தைய ஸ்னாப்ஷாட் ஒன்றைத் தாயாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மாறாத ஃபைல்களைத் திறக்காமலேயே தாண்டிப்போகும். எது தாய் என்பதை ஹோஸ்ட் பெயரும் ஃபோல்டர் பாதையும் வைத்து முடிவுசெய்கிறது. வாடிக்கையாளர் ரெஸ்டிக்கை டாக்கர் கண்டெய்னரில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் புதுக் கண்டெய்னர், ஹோஸ்ட் பெயரும் புதிதாக ஒரு எழுத்து-எண் கோவை. தாயைக் காணவில்லை, எல்லா ஃபைலையும் படிக்கப்போகிறேன் என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி அச்சாகும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். படித்த தரவு ஏற்கனவே ரெப்போவில் இருப்பதால் அப்லோட் மட்டும் குறைவாக இருக்கும்.

ஹோஸ்ட் ஆப்ஷனில் நிலையான ஒரு பெயரைக் கொடுத்தால் அடுத்த முறையிலிருந்து வேகம் வந்துவிடும். சரி, அந்த இன்னொரு பிரச்சினை? பழைய ஸ்னாப்ஷாட்களை நீக்கும் ஃபர்கெட் கட்டளையும் அவற்றை ஹோஸ்ட், பாதை வாரியாகக் குழுக்களாகப் பிரித்துத்தான் "கடைசி 7 நாள் வை" என்பதைக் கணக்கிடும். ஒவ்வொரு ராத்திரியும் புது ஹோஸ்ட் என்றால் ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு ஸ்னாப்ஷாட், அது அந்தக் குழுவின் கடைசி, ஆகவே எதுவுமே அழியாது. டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகும், ப்ரூனும் தினமும் வெற்றி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஸ்னாப்ஷாட் பட்டியலை எடுத்து ஹோஸ்ட் பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள், ஒரு நொடியில் தெரிந்துவிடும். பழையதை ஒழுங்குசெய்ய, குழுப்பிரிப்பைப் பாதை வாரியாக மட்டும் மாற்றி ஃபர்கெட் போடலாம். முதலில் எதையும் அழிக்காத ஒத்திகையான டிரை-ரன் போட்டு எது போகப்போகிறது என்று வாடிக்கையாளரோடு சேர்ந்து பார்த்துவிட்டுத்தான்.

ஹோஸ்ட் பெயர் நிலையாக இருந்தும் மெதுவா? ஃபைல்கள் நெட்வொர்க் டிரைவில் இருந்தால் ஐநோட் எண்கள் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல் சிஸ்டம் கொடுக்கும் எண்) ஒவ்வொரு மவுண்டுக்கும் மாறலாம், இக்னோர்-ஐநோட் ஆப்ஷனைப் போட்டுப் பாருங்கள். லினக்ஸின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டி வழியாக ஓடுகிறது என்றால் ஹோம் சூழல் மாறி அமைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள், அது இல்லாவிட்டால் கேஷுக்கு இடம் தெரியாமல் ஒவ்வொரு முறையும் இண்டெக்ஸ் (எந்தத் துண்டு எந்த பேக்கில் என்ற பட்டியல்) முழுவதையும் சர்வரிலிருந்து மறுபடி இறக்கும்.

நள்ளிரவில் சிலருக்கு மட்டும் தோற்கிறது, காலையில் ஓட்டினால் சரியாக ஓடுகிறது

எல்லாரும் க்ரானில் 12 மணி என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். போர்க் வாடிக்கையாளர்களுக்கு இது மோசமாகத் தெரியும். ஓப்பன்எஸ்எஸ்எச்சில் மேக்ஸ்ஸ்டார்டப்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 10:30:100. லாகின் முடியாத இணைப்புகள் 10-ஐத் தாண்டினால் புதிதாக வருபவற்றில் 30 சதவீதத்தைக் குருட்டாம்போக்கில் வெட்டும், போகப்போக வெட்டு கூடி 100-ல் எல்லாவற்றையும் வெட்டும். அதனால்தான் இன்று இவருக்கு, நாளை அவருக்கு என்று மாறிமாறி வருகிறது. அந்த எண்களைக் கூட்டலாம், ஆனால் நேரத்தைப் பரப்புவதுதான் முறை. சிஸ்டம்டி டைமரில் ரேண்டமைஸ்ட்-டிலே-செக் கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குப் பரப்புங்கள், பெர்சிஸ்டென்ட்டையும் போட்டால் அணைந்திருந்த மெஷின் எழுந்ததும் விட்டதை ஓட்டிக்கொள்ளும்.

ஒரே அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒன்றாக நின்றுபோனால், தவறான லாகின் முயற்சிகள் வரும் முகவரியைத் தடுக்கும் ஃபெயில்2பேனைப் பாருங்கள். ஒரு மெஷினில் பழைய பாஸ்வேர்ட் மாட்டிக்கொண்டு முயன்றுகொண்டே இருக்கும், அவர்கள் அத்தனை பேரும் வெளியே வருவது ஒரே ஐபி முகவரியில், ஒருவருக்கு விழுந்த தடை மொத்த அலுவலகத்துக்கும் விழும். 2024-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8 முதல் எஸ்எஸ்எச் சர்வரே இப்படி முகவரிவாரியாகத் தண்டனை கொடுக்கிறது, ஃபெயில்2பேன் நிறுவாத சர்வரிலும் இந்த அறிகுறி வரலாம்.

சர்வரை மாற்றிய பிறகு போர்க் மட்டும் தோற்கிறது

ரெப்போவின் முகவரி மாறினால் "முன்பு வேறு இடத்தில் இருந்தது, தொடரட்டுமா" என்று போர்க் கேட்கும். தானாக ஓடும் வேலையில் பதில் சொல்ல ஆள் இல்லை, அதோடு நின்றுவிடும். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு முறை கையால் ஓட்டி ஒப்புதல் கொடுத்தால் போதும். இடமாற்றத்தை ஏற்பதற்கான சூழல் மாறியை நிரந்தரமாக வைக்கச் சொல்லாதீர்கள், ரெப்போவை யாரோ மாற்றிவைத்தால் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வியே இருக்கிறது.

அழித்தாயிற்று, இடம் மட்டும் திரும்பவில்லை

ரெஸ்டிக்கில் ஃபர்கெட் ஸ்னாப்ஷாட்டின் பெயரை மட்டும்தான் நீக்கும், ப்ரூன் ஓடினால்தான் இடம் வரும். போர்க்கில் 1.2 பதிப்பிலிருந்து, அது 2022-ல் வந்தது, ப்ரூனுக்குப் பிறகு காம்பாக்ட் கட்டளையும் தனியாக ஓட வேண்டும். பழைய ஸ்கிரிப்டை அப்படியே வைத்துக்கொண்டு போர்க்கை மட்டும் அப்டேட் செய்தவர்களுக்கெல்லாம் இந்த அறிகுறி வரும். எஸ்3 பக்கெட்டில் வெர்ஷனிங் இயங்கினால் அழித்தவை பழைய பதிப்பாக உள்ளேயே கிடக்கும், அவற்றுக்கு ஆயுள் விதி போட்டிருக்கிறீர்களா பாருங்கள்.

இடம் இருக்கிறது, ஆனாலும் டிஸ்க்கில் இடமில்லை என்கிறதா? டிஎஃப் கட்டளையை ஐ ஆப்ஷனோடு போடுங்கள். ஐநோட்கள் தீர்ந்திருக்கும். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் அந்த எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது, பிறகு கூட்ட முடியாது. குட்டிக் குட்டி ஃபைல்கள் குவியும் சேமிப்பகத்துக்கு எக்ஸ்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் எடுத்திருக்கலாம்.

உண்மையிலேயே முழுக்க நிரம்பிவிட்டால், ப்ரூன் போட்டுக் காலிசெய்யலாம் என்று தோன்றும், ஆனால் ப்ரூன் பேக்குகளைப் பிரித்து மறுபடி கட்டுவதற்கே கொஞ்சம் இடம் வேண்டும். இந்த நேரத்தில் பெரிதாகத் தெரியும் இரண்டு பேக் ஃபைல்களைக் கையால் அழித்து மூச்சுவிட இடம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த இரண்டில் எத்தனை ஸ்னாப்ஷாட்களின் துண்டுகள் இருந்தன என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம். எக்ஸ்ட்4 என்றால் ரூட்டுக்கு 5 சதவீதம் ஒதுக்கிவைத்திருக்கும், தரவு டிஸ்க்குக்கு அவ்வளவு தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் மூலம் 1 ஆக்கினால் உடனே இடம் கிடைக்கும். வாடிக்கையாளர் பக்கம் ப்ரூனை மேக்ஸ்-ரீபேக்-சைஸ் 0 என்று ஓட்டினால் மறுகட்டல் செய்யாமல், முழுவதும் பயனற்றுப்போன பேக்குகளை மட்டும் எடுக்கும். முதல் நாளே 20 ஜிபி வெற்று ஃபைல் ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்வது நல்லது, நெருக்கடியில் யோசிக்காமல் அழிக்கக்கூடிய ஒரே ஃபைல் அதுதான்.

137 என்று சொல்லிவிட்டு நின்றுபோகிறது

நினைவகம் தீர்ந்து கெர்னல் அந்த பிராசஸைக் கொன்றிருக்கிறது, கெர்னல் லாகைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் பார்த்தால் தெரியும். ரெஸ்டிக் இண்டெக்ஸை நினைவகத்தில் வைத்திருப்பதால் லட்சக்கணக்கான சிறு ஃபைல்கள் உள்ள சின்ன மெஷினில் இது சகஜம். நினைவகத்தை எவ்வளவு அடிக்கடி காலிசெய்வது என்று சொல்லும் ஜிஓஜிசி சூழல் மாறியை 20 ஆக்கினால் வேகம் கொஞ்சம் குறைந்து நினைவகம் மிச்சமாகும். ரெஸ்ட்-சர்வருக்கு இண்டெக்ஸ் வேலையே இல்லை, ஆகவே சர்வர் பக்கம் நினைவகம் ஏறினால் வேறு யாரைத் தேடுவது என்று பாருங்கள்.

ஃபயர்வாலில் மூடிய 8000 போர்ட் வெளியிலிருந்து திறக்கிறது

புகாராக வராத அறிகுறி இது, நீங்களேதான் வெளியிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 443-ம் எஸ்எஸ்எச்சும் மட்டும்தான் அனுமதி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிடும்போது ஐபிடேபிள்ஸில் தானே விதிகளை எழுதிக்கொள்கிறது, யூஎஃப்டபிள்யூ விதிகள் அந்தப் போக்குவரத்தைப் பார்ப்பதே இல்லை. ஆக எஞ்ஜின்எக்ஸைச் சுற்றிக்கொண்டு குறியாக்கமில்லாத எச்டிடிபியில் யார் வேண்டுமானாலும் ரெஸ்ட்-சர்வரைத் தட்டலாம். கம்போஸ் ஃபைலில் 8000:8000 என்று இருப்பதை 127.0.0.1:8000:8000 என்று மாற்றி, வெளியிலிருந்து மறுபடி தட்டிப் பாருங்கள்.

அப்படியே, சேர்க்க மட்டும் விட்டு அழிக்க விடாத அப்பெண்ட்-ஒன்லி அமைப்பையும் சோதியுங்கள். சோதனைக் கணக்கில் ஒரு ஸ்னாப்ஷாட்டை அழிக்க முயலுங்கள், 403, அதாவது அனுமதி இல்லை என்ற பதில், வர வேண்டும். வரவில்லை என்றால் ஒரு வாடிக்கையாளர் மெஷினில் ரான்சம்வேர் புகுந்த அன்று பேக்கப்பும் சேர்ந்து போகும்.

அதை இயக்கியதும் "ப்ரூன் ஓடலை" என்ற அடுத்த புகார் வரும், நியாயமான புகார். சாவி நம்மிடம் இல்லாததால் நாமும் ப்ரூன் செய்ய முடியாது. என் விருப்பம்: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு இசட்எஃப்எஸ் டேட்டாசெட், அதில் கோட்டா, தினமும் சர்வர் பக்கத்தில் இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் எடுத்து ஒரு மாதம் வைத்திருப்பது. வாடிக்கையாளர் கணக்கிலிருந்து யார் எதை அழித்தாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம், அதற்குச் சாவியும் தேவையில்லை. அழித்த இடம் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பெண்ட்-ஒன்லியோடுதான் போவேன் என்பவர்கள், ப்ரூனுக்கு என்று தனி மெஷின், தனி கணக்கு வைத்து, ஓட்டுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் பட்டியலைக் கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளே புகுந்தவன் வெற்று ஸ்னாப்ஷாட்களைக் கொட்டி வைத்திருந்தால், "கடைசி 10-ஐ வை" என்ற விதி அந்தக் குப்பையை வைத்துக்கொண்டு நிஜத்தை அழித்துவிடும்.

எல்லா நாளும் வெற்றி, ரெஸ்டோர் செய்தால் ஒன்றுமில்லை

தரவுத்தளத்தில்தான் இது அதிகம். டம்ப் (தரவுத்தளத்தின் முழு ஏற்றுமதி) எடுக்கும் கட்டளையைக் குழாய் வழியாக ரெஸ்டிக்குக்குக் கொடுத்திருப்பார்கள், டம்ப் தோற்றுப்போகும், ரெஸ்டிக் பூஜ்ய பைட்டைப் பத்திரமாகச் சேமித்து வெற்றி என்று சொல்லும். ஷெல்லில் பைப்ஃபெயில் போட்டால் தோல்வி வெளியே தெரியும், ஆனால் அந்த வெற்று ஸ்னாப்ஷாட் உள்ளே வந்துவிட்டிருக்கும். 0.17 முதல் ஸ்டிடின்-ஃப்ரம்-கமாண்ட் என்ற ஆப்ஷன் இருக்கிறது, டம்ப் கட்டளையை ரெஸ்டிக்கே ஓட்டும், அது தோற்றால் ஸ்னாப்ஷாட்டே உருவாகாது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பவர்களைத் தடுத்து நிறுத்துங்கள், பாதி எழுதிய பக்கங்களோடு வரும் அந்தக் காப்பி எழுந்து நிற்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை.

வெளியேறும் எண் 3 என்றால் ஸ்னாப்ஷாட் உருவானது, சில ஃபைல்களைப் படிக்க முடியவில்லை. விண்டோஸில் திறந்திருக்கும் ஃபைல்கள்தான் வழக்கமான காரணம், அட்மின் உரிமையோடு யூஸ்-எஃப்எஸ்-ஸ்னாப்ஷாட் போட்டால் தீரும். கண்காணிப்பில் 3-ஐயும் தோல்வியாகவே காட்டுங்கள், படிக்க முடியாத அந்த ஒரு ஃபைல்தான் கணக்குப் புத்தகமாக இருக்கும்.

சைஃபர்டெக்ஸ்ட் வெரிஃபிகேஷன் ஃபெயில்ட் என்று வந்தால் எங்கோ பிட் கெட்டிருக்கிறது. யார் பக்கம் என்று சாவி இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, பேக்கப் சேவை நடத்தும் எவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ரெஸ்டிக் ரெப்போவில் கான்ஃபிக் ஃபைலைத் தவிர ஒவ்வொரு ஃபைலின் பெயரும் அதன் உள்ளடக்கத்தின் எஸ்எச்ஏ-256 ஹாஷ்தான். டேட்டா ஃபோல்டருக்குள் போய் எஸ்எச்ஏ256சம் ஓட்டி, வரும் ஹாஷும் ஃபைல் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மாறியிருந்தால் நம் டிஸ்க் கெட்டிருக்கிறது. பொருந்தியும் திறக்கவில்லை என்றால், கெட்ட நிலையிலேயே வந்து சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் வாடிக்கையாளர் மெஷினின் ரேம், மெம்டெஸ்ட் ஓட்டச் சொல்லுங்கள். இந்தச் சரிபார்ப்பை வாரம் ஒரு முறை தானாக ஓடவிட்டால், புகார் வருவதற்கு முன்பே டிஸ்க் கோளாறு தெரிந்துவிடும்.

சரிசெய்யும் வரிசையும் முக்கியம். முதலில் ரெப்போவை அப்படியே வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். வாடிக்கையாளர் பக்கம் ரீட்-டேட்டாவோடு செக், அப்புறம் ரிப்பேர் இண்டெக்ஸ், கெட்ட பேக்குகள் சிக்கினால் அவற்றுக்கு ரிப்பேர் பேக்ஸ். அடுத்து மூல ஃபைல்கள் இன்னும் இருந்தால் ஃபோர்ஸ் ஆப்ஷனோடு ஒரு முழு பேக்கப், காணாமல்போன துண்டுகளில் பல அதிலேயே திரும்பி வந்துவிடும். கடைசியாகத்தான் ரிப்பேர் ஸ்னாப்ஷாட்ஸ், ஏனென்றால் அது கிடைக்காத ஃபைல்களை நீக்கிவிட்டு ஸ்னாப்ஷாட்டைத் திருத்தி எழுதும்.

வெறும் செக் கட்டளை கட்டமைப்பை மட்டும்தான் பார்க்கும், பேக்குகளின் உள்ளே பார்க்காது. முழுவதையும் தினமும் படிக்க முடியாதவர்கள் ரீட்-டேட்டா-சப்செட்டில் 1/7, 2/7 என்று கிழமைக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொண்டால் வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

ரெப்போ பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்கிறார்

மெஷின் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் ஃபார்மட் செய்யாதீர்கள் என்று உடனே சொல்லுங்கள். தானாக ஓடும் பேக்கப் இருக்கிறதென்றால் பாஸ்வேர்ட் அந்த மெஷினில் எங்கோ எழுதியிருக்கிறது: சிஸ்டம்டி யூனிட், என்வ்-ஃபைல், விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் கூப்பிடும் ஸ்கிரிப்ட். அதை எடுத்ததும் கீ ஆட் கட்டளையால் இரண்டாவது பாஸ்வேர்ட் ஒன்றைச் சேர்த்து, அச்சடித்து மெஷினுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். போர்க் என்றால் கீ எக்ஸ்போர்ட், அச்சடித்து வைக்க அதற்குப் பேப்பர் வடிவமும் உண்டு, ஆனால் அந்தச் சாவியைத் திறக்கவும் பாஸ்வேர்ட் வேண்டும், அதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மெஷினும் போய்விட்டது என்றால் திறக்க வழியில்லை, உங்களாலும் முடியாது, ரெஸ்டிக்கை எழுதியவர்களாலும் முடியாது, அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். புது ரெப்போ தொடங்கிக் கொடுங்கள். பழையதை அன்றைக்கே அழித்துவிடாமல் எத்தனை மாதம் வைத்திருப்பது என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள், பாஸ்வேர்டால் பூட்டிய சாவி இருக்கும் கீஸ் ஃபோல்டர் உட்பட எதையும் தொடாமல், ஏதாவது ஒரு நோட்டிலோ பழைய மின்னஞ்சலிலோ அந்தப் பாஸ்வேர்ட் பிறகு கிடைப்பதுண்டு.